புண் ஆறட்டும், போகலாம்

எங்கள் அளத்தில் யார் காலை எது கிழித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். உப்பளத்தில் செருப்புப் போட்டு வேலை செய்ய முடியாது. பாத்திக்குள் இறங்கி நிற்கிற காலை உப்பே கீறிவிடும். அது போதாதென்று கிளிஞ்சல் ஓடு, கருவேல முள், யாரோ குடித்துவிட்டு எறிந்த பாட்டில் துண்டு எல்லாம் சேற்றில் கிடக்கும். நான் கூடை சுமக்கிறவள். சுமைக்கு நடுவே கூடையை இறக்கி வைத்துவிட்டு, குடிக்கிற தண்ணீரில் புண்ணைக் கழுவி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவி, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டி விடுவேன். நாலு பேர் காத்துக்கொண்டு நின்றால் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிடும். ஒழுங்காக நீட்டு காலை என்று பெரிய மனிதர்களையே அதட்டுவேன். மேஸ்திரி மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு நாள் முள் ஏறியது, அதோடு முறைப்பை விட்டுவிட்டார்.

எனக்கு 'நர்ஸம்மா' என்று பேர் வைத்தவர் என் வீட்டுக்காரர். அவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எனக்குத் தாய்மாமன். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவருக்கே என்னைக் கட்டி வைத்தார்கள். எங்கள் பக்கம் இது ஊரறிந்த வழக்கம்தான். சின்ன வயதிலிருந்து வாடா போடா தவிர எல்லாம் சொல்லிக் கூப்பிட்ட ஆளை, தாலி ஏறிய மறுநாள் முதல் 'நீங்க' போட்டுப் பேச வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். ஆட்கள் முன்னால் நீங்க, வீட்டுக்குள் நீ என்று நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் போதுமான அளவு பேசிவிட்டது, நான் வேறு எழுதவேண்டியதில்லை.

மாமா பலகை போடுகிறவர். நீளக் கழியில் கோத்த பலகையால் பாத்தியில் படிந்த உப்பை வாரி வரப்புக்கு இழுக்கிற வேலை. விடிவதற்கு முன்பே இறங்கி, வெயில் கண்ணைக் குத்துகிறபோது கரையேறுவார். ஏறியதும் குடம் தண்ணீர் குடிப்பார். அப்படியே கவிழ்த்துக் குடிப்பார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். அளத்தில் தாகம் எடுக்காதவர் யார், நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீயில் மட்டும் சர்க்கரை தூக்கலாக வேண்டும் அவருக்கு.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் வளர்ப்பார்கள். உடனே சரி என்று சொன்னால் ஆசை பிடித்தவள் என்று பேர் வந்துவிடும். ஆகவே விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு கரண்டிக்கும் வேண்டாம், துணிக்கடையில் பிடித்த புடவைக்கும் வேண்டாம். இது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். மரக்காணத்தில் சினிமாவுக்குக் கூப்பிடுவார். நான் வரல என்பேன். வாடி என்பார். வேலை கிடக்குது என்பேன். கிடக்கட்டும் வாடி என்பார். அதற்குள் நான் தலை சீவி முடித்திருப்பேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் ஆசைப்பட்டதெல்லாம் இந்த வழியாகத்தான் எனக்குக் கிடைத்தது.

2004 முடிகிற நேரத்தில் கடல் உள்ளே வந்தது. எங்கள் தெருவில் உயிர்ச் சேதம் இல்லை, கடலோரக் குப்பங்களில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அளம் முழுக்கச் சேறு. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் கிடந்தது. பிறகு வெளியூரிலிருந்து உதவி செய்கிறவர்கள் வந்தார்கள். படகு கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது வரை படித்த கடலோரப் பெண்களுக்குப் புதுச்சேரியில் நர்ஸ் படிப்பு என்றும் ஒன்றைச் சொன்னார்கள். பெரிய நர்ஸ் படிப்பு இல்லை, ஒன்றரை வருடத் துணைச் செவிலியர் பயிற்சி. தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. கல்யாணமானவர்களும் சேரலாம். எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிற கிராம நர்ஸ்தான் எனக்கு இதைச் சொன்னார். நான் அளத்தில் கட்டுப் போடுவதை அவர் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறார். மஞ்சளை வைத்து எத்தனை நாளைக்கு ஓட்டுவ, ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வா என்றார்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து மாமாவிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போடி," என்றார்.

வீட்டை யார் பார்ப்பது என்றேன். வீடு எங்கேயும் ஓடிவிடாது, போடி என்றார். ஊர் என்ன பேசும் என்றேன். ஊர் எப்போதும் பேசுவதைத்தான் பேசும் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பன்னிரண்டாவதில் நான் நல்ல மார்க் வாங்கியவள். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை, கேட்காததைக் கொடுக்க அப்பாவும் உயிரோடு இல்லை. வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் தட்டோடு, எந்தப் புண்ணுக்கு எந்த மருந்து என்று தெரிந்து ஒருவர் பக்கத்தில் நிற்பதை நான் அதற்கு முன்பே பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கூடை சுமக்கும்போது நினைப்பதற்கு நிறைய நேரம் இருக்கும்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. என் அம்மா எனக்கு அம்மாவாக இருந்ததைவிட மாமாவுக்கு அக்காவாக இருந்ததுதான் அதிகம். எங்களுக்குள் சண்டை வந்தால் தம்பி பக்கம்தான் நிற்பாள். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, தம்பி சாப்பிட்டானா என்று தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். படிப்பு என்றதும் முகம் மாறிவிட்டது. ஆசை இருக்குது தாசில் பண்ண என்று ஆரம்பித்தாள். கழுதை மேய்க்கிற மிச்சத்தை நானே சொல்லி முடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அரசனை நம்பி புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போவுது," என்றாள். "எந்தம்பிக்கு ஒரு வாய் சோறு வடிச்சிப் போட ஆளில்லாம நீ போய் ஊரான் புண்ணைக் கழுவப் போறியா?"

அன்று கொழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். உப்பளக்காரி வீட்டில் உப்பில்லாத கொழம்பு என்று மாமா ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பாத்திகளைச் சீர் செய்கிற வேலையில்தான் அவர் காலில் அது ஏறியது. சேற்றுக்குள் அலை கொண்டுவந்து போட்ட பலகை ஒன்று, உடைந்த படகினுடையதாக இருக்கும். அதிலிருந்த ஆணி உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே. நானே பிடுங்கினேன். நானே கழுவிக் கட்டினேன். கிராம நர்ஸ் டி.டி. ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றும் சொன்னார். ஆணி குத்தினதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியா என்று மாமா சிரித்தார். அவரோடு சேர்ந்து அளமே சிரித்தது.

புண் ஆறுகிற வழி எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். எங்கள் அளத்தில் புண் ஆறியதா இல்லையா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. பாத்தியில் முற்றி நிற்கிற உப்புத் தண்ணீரில் காலை வைக்க வேண்டும். பச்சைப் புண் என்றால் உயிர் போகிற மாதிரி எரியும். பாதி ஆறியிருந்தால் கொஞ்சம் எரியும். எரியவே இல்லை என்றால் ஆறிவிட்டது, வேலைக்கு இறங்கலாம். மேஸ்திரி கேட்பதும் அதைத்தான், எரியுதா? எரிகிறது என்றால் இன்னும் ரெண்டு நாள் கரை வேலை. எரியவில்லை என்றால் பலகையை எடு. எனக்குத் தெரிந்து எல்லாரும் அப்படித்தான் ஆறியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆறியிருக்கிறேன்.

நர்ஸ் படிப்பு ஆனி மாதம் தொடங்குவதாக இருந்தது. புதுச்சேரியிலிருந்து கிராம நர்ஸ் மூலம் கேட்டு அனுப்பினார்கள், வருகிறாயா இல்லையா என்று. நான் சொன்ன பதில் ஒன்றுதான். புண் ஆறட்டும், போகலாம். அம்மாவிடமும் அதையே சொன்னேன், மாமாவிடமும் அதையே சொன்னேன். இது பழைய வேண்டாம் இல்லை. நிஜமாகவே அவரை அந்தக் காலோடு விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவரும் அதை உணர்ந்துகொண்டார். தினமும் வேலை முடிந்து வந்து சொல்வார், இன்னும் கொஞ்சம் எரியுது. சித்திரை முழுக்க எரிந்தது. வைகாசியில் கொஞ்சமாக எரிந்தது.

ஒரு நாள் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். தூரத்திலிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டார். பாத்திக்குள் நடுவில் நின்றுகொண்டு அந்தக் காலை உயர்த்தி உயர்த்தித் தண்ணீருக்குள் வைத்துக் காட்டினார். சின்னப் பையன் மழைத்தண்ணீரில் குதிப்பானே, அப்படி.

"எரியல, புள்ள," என்று கத்தினார். "ஆறிடுச்சி. நீ கெளம்பு."

அளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. அன்று சாயங்காலம் காலைத் திருப்பிப் பார்த்தேன். மேலே தோல் கெட்டியாக மூடியிருந்தது. நல்ல மூடு மூடியிருக்கிறதே என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன், எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை அவரே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். அம்மா வரவில்லை. ஆனால் ஒரு தூக்கு நிறைய கருவாட்டுத் தொக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். பஸ் அனுமந்தையைத் தாண்டும்வரை நான் திரும்பித் திரும்பி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முன்பக்கம் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்ல. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதுதான் நிஜம். படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிக்கக் கற்றுக்கொண்டேன். காய்ச்சல் பார்க்க, நாடி பிடிக்க, கட்டுத்துணியைக் கை படாமல் எடுக்கக் கற்றுக்கொண்டேன். மஞ்சளை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. கூடப் படித்த பெண்கள் என்னைவிடச் சின்னவர்கள், அக்கா அக்கா என்று சுற்றி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார். வாசலில் நின்று, உள்ளே வராமல், நான் வெள்ளை உடுப்பில் நடந்து வருவதை வேடிக்கை பார்ப்பார். ஆளைப் பார்த்தால் மெலிந்திருந்தார். உன் சமையல் இல்லாமல் என்று சொன்னார். நானும் பெருமையோடு நம்பினேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். பாடம் எடுத்த டீச்சர் சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகத் தாகம், உடம்பு மெலிவது, அடிக்கடி ஒன்றுக்குப் போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு பாதத்தைப் பற்றிச் சொன்னார். நாள்பட்ட சர்க்கரையில் காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. மேலே தோல் மூடி உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். நோயாளி வலிக்கவில்லை என்றுதான் சொல்வார், நீங்கள் அதை நம்பக் கூடாது என்றார்.

என் கை எழுதுவதை நிறுத்திவிட்டது. எழுந்து நின்று கேட்டேன்.

"டீச்சர், உப்புத் தண்ணி பட்டாக்கூட எரியாதா?"

பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எந்தத் தண்ணி பட்டாலும் எரியாதும்மா, ஏன் கேட்கிறாய் என்றார். நான் உட்காரவில்லை. அன்று பாத்திக்குள் அவர் காலைத் தூக்கித் தூக்கி வைத்ததுதான் கண்ணுக்குள் வந்தது. புண் ஆறியதால் எரியாமல் போகவில்லை, கால் செத்துப்போனதால் எரியவில்லை. அதைத்தான் எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாகக் கொண்டாடியிருக்கிறோம். அவரும், நானும், மேஸ்திரியும், அளம் மொத்தமும்.

அன்றைக்கே கிளம்பினேன். வீட்டுக்குப் போகாமல் நேராக அளத்துக்குப் போனேன், வெயில் தாழ்ந்து ஆட்கள் மறுபடி இறங்கியிருந்த நேரம். வெள்ளை உடுப்பிலேயே வரப்பில் நடந்து வருவதைப் பார்த்து, நர்ஸம்மா வந்துட்டாங்க, எல்லாரும் ஓரம் போங்க என்று அவர் பலகையை ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டார். கரையில் உட்காரச் சொன்னேன். காலை மடியில் வைத்துத் திருப்பினேன். அந்தக் கெட்டித் தோலைச் சுற்றிக் கறுத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். ஓரத்திலிருந்து சீழ் வந்தது, நாற்றம் வந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அழுத்துவதே அவருக்குத் தெரியவில்லை.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை எவ்வளவு என்று சொன்னபோது எனக்கு அந்தக் கணக்குப் புரியும் அளவுக்குப் படிப்பு வந்திருந்தது, அதுதான் கொடுமை. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தாள். எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, அந்தக் கால்தான் எரியவே இல்லையே, எடுக்கும்போது மட்டும் எரியுமா என்று கேட்டார். நான் அந்த ஒரு தடவை அவரை அடித்தேன், தோளில், வலிக்காமல்.

ஆவணியில் வீட்டுக்கு வந்தோம். எனக்குப் பதிலாக என் கைதான் எல்லாம் செய்தது என்று சொல்ல வேண்டும். வெட்டிய இடத்தைச் சுத்தம் செய்தேன், கட்டு மாற்றினேன், கிராம நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி இன்சுலின் ஊசி போட்டேன். கைத்தாங்கலாகப் பின்பக்கம் அழைத்துப் போனேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தி வரும்போது ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். ராத்திரி தூங்கும்போது மட்டும், இல்லாத காலின் விரல்களைச் சொறிந்து விடச் சொல்வார். நான் விரிப்பைச் சொறிவேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிகிறவரை என் இடத்தை வைத்திருப்பதாகப் புதுச்சேரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அனுமந்தைக்காரி ஒருத்தி காத்திருக்கிறாள், அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கிராம நர்ஸ் மாமா எதிரிலேயே இதைச் சொன்னார். அம்மாவும் இருந்தாள். ஆச்சரியம், நர்ஸ் போன பிறகு அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, ஊசியை எப்படிப் போடுறதுன்னு எனக்கும் காட்டு என்றாள். அவளுக்கு வேறு விதமாகச் சொல்ல வராது. போகலாம் என்று அர்த்தம், தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

ஆகவே வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். ஒன்றரை வருடம் என்ன பெரிய காலம். மனதுக்குள் நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். மிச்சமிருந்தது அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதுதான்.

மத்தியானம், சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் போகல மாமா," என்றேன்.

சொல்லிவிட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அடுத்து அவர் போடி என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில்களும் தயாராக இருந்தன. உன்னை இப்படி விட்டுவிட்டு எப்படி என்பேன், அக்கா இருக்கா போடி என்பார். துணியைச் சுற்றி முடித்தேன். முடிச்சுப் போட்டேன்.

"சரி," என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சாயங்காலம் வரை காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் வேண்டாம் என்பதைக் கேட்டு ஒரு தடவைகூட ஏமாறாத மனிதர், இந்தத் தடவை அதை அப்படியே எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. பாத்திரங்களை டமார் டமார் என்று போட்டேன். பேசாமல் சோறு போட்டேன். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை இட்லி சுட்டேன். இட்லி நல்லா இருக்குது, இட்லி நல்லா இருக்குது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புதுச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரம் அது. நாமே போய்விடலாம் என்று நான் எழுந்திருக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எழுந்தேன். வாசல் வரை போனேன். உள்ளே அவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார், தட்டில் கை ஓடும் சத்தம் இல்லை. நான் திரும்பி வந்து இன்னொரு இட்லி வைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், நான் கேட்காமலே, அவர் அதைப் பற்றிப் பேசினார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"போன்னு சொல்லத்தான் புள்ள வாயைத் தொறந்தேன்," என்றார். "சரின்னு வந்துடுச்சி. பயமா இருந்துச்சி."

நான் போறதாவே இல்லையே மாமா, அதுக்குப் போய் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வருடத்து மழையில் எங்களுக்குள் இருந்த கோபம் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இருந்த மாதங்களில் நாங்கள் நன்றாகவே இருந்தோம். கட்டைக்கால் வாங்கிப் போட்டுக்கொண்டு அளத்துக் கரையில் உட்கார்ந்து மேஸ்திரியின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

2006 மாசியில் ஒரு காலை வேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிறது என்று அவர் சொன்னதை நான் நம்பினேன், ஓடினேன், ஆட்டோ பிடித்தேன். மரக்காணம் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்கு முன்பே என் மடியில் போய்விட்டார். நாடி பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேனே, அதனால் யாரும் சொல்லாமல் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோக்காரருக்குச் சொல்லவில்லை. அவர் வேகமாக ஓட்டிக்கொண்டே இருந்தார், நானும் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் ஆனிக்கு முன்னால் கிராம நர்ஸ் வீட்டுக்கு வந்தார். புதுச்சேரியில் அடுத்த வகுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், உன்னை மறுபடியும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள், நான் பேசிவிட்டேன் என்றார். நல்ல மனுஷி, எனக்காக அலைந்திருக்கிறார். அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, போ என்றாள். கண் கலங்கியிருந்தாள். இந்த முறை அவள் எனக்கு அம்மாவாகத்தான் பேசினாள். இதற்காக நான் எத்தனை வருடம் காத்திருந்திருப்பேன்.

"இனிமே உனக்குத் தடை ஒண்ணும் இல்லியே," என்றார் நர்ஸ்.

அவர் கெட்டதாக எதுவும் நினைத்துச் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை, இனி என்ன தடை, போய்ப் படி. என் மாமா எனக்குத் தடையாக இருந்தார் என்று உங்களிடம் யார் சொன்னது என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அம்மா என் கையைப் பிடித்தாள். நான் வரவில்லை என்று சொன்னேன். நர்ஸ் மன்னிப்புக் கேட்டார், நிதானமாக யோசி என்று சொல்லிவிட்டு மோரைக் குடிக்காமலே போனார். நான் யோசிக்கவில்லை. நான் அந்தப் பஸ்ஸில் ஏறினால், அவர் செத்ததால் எனக்கு வழி திறந்தது என்று ஆகிவிடும். அதை ஊர் சொல்வதைவிட, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே எனக்குச் சொல்லிக்கொள்வேனே, அதற்குத்தான் பயந்தேன்.

அந்த இடத்துக்கும் வேறு யாரோ போனார்கள். நான் பழையபடி கூடை எடுத்தேன். எனக்கு அந்தப் படிப்பின் மேல் இருந்த ஆசை போகவில்லை, இப்போதும் போகவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் போகாததற்குக் காரணம் அவர் இல்லை. அவர் இருந்து, அந்த ஒற்றைக்காலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, போடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் புதுச்சேரிக்கு நடந்தே போயிருப்பேன்.